பீட்டர்ஸ்பர்க் பில்ஹார்மோனியாவில் ரஷ்ய சிம்பொனிக் கச்சேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மார்ச் 8-ஆம் தேதி இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றிய பிறகு, "நேரில் ஒரு சிம்பொனி கேட்க வேண்டும்" என்று நினைக்கும் தமிழர்கள் கூடியிருக்கிறார்கள். ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களும், சுற்றுலா போகிறவர்களும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். அங்குள்ள பில்ஹார்மோனியா என்ற அரசு இசை நிறுவனத்தின் பெரிய அரங்கைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். அந்த அரங்கில் பிறந்த இசையை அதே அரங்கில் கேட்பது தனி அனுபவம். எவ்வளவு நல்ல ஒலிப்பதிவும் அதற்கு ஈடாகாது.

எந்தக் கட்டடம் அது? எங்கே இருக்கிறது?

நெவ்ஸ்கி பிராஸ்பெக்ட் என்ற முக்கியச் சாலையிலிருந்து பிரியும் மிகாய்லோவ்ஸ்கயா தெருவில் 2-ஆம் எண் கட்டடம். எதிரே கிராண்ட் ஹோட்டல் யூரோப். தெருவின் மறுமுனையில் கலைச் சதுக்கம், நடுவில் புஷ்கின் சிலை, அதற்குப் பின்னால் ரஷ்ய அருங்காட்சியகம். நெவ்ஸ்கி பிராஸ்பெக்ட், கோஸ்தினி துவோர் என்ற இரண்டு மெட்ரோ நிலையங்களிலிருந்தும் நடந்தே போய்விடலாம்.

பிரபுக்கள் சபைக்காக 1839-ல் கட்டி முடித்த மாளிகை இது. வெளி முகப்பை வடிவமைத்தவர் கார்லோ ரோஸ்ஸி. நடனத்துக்கும் விருந்துக்கும் என்று கட்டிய கூடம், அதன் ஒலி நயத்தால் சீக்கிரமே கச்சேரி மேடையாகிவிட்டது. லிஸ்ட், கிளாரா ஷூமன், பெர்லியோஸ், வாக்னர் என்று ஐரோப்பாவின் பெரிய பெயர்கள் பலவும் இங்கே வந்து போயிருக்கின்றன. புரட்சிக்குப் பிறகு, 1921-ல், பில்ஹார்மோனியா ஆனது. இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் மறைந்த பின் அவர் பெயரைச் சூட்டினார்கள். உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் வெள்ளைத் தூண் வரிசையும் மேலே எட்டு பெரிய படிகச் சரவிளக்குகளும் கண்ணில் படும். சுமார் 1,500 பேர் உட்காரலாம்.

ஒரு எச்சரிக்கை. பில்ஹார்மோனியாவுக்குச் சிறிய அரங்கு ஒன்றும் உண்டு. இசையமைப்பாளர் கிளிங்காவின் பெயர் தாங்கிய அது நெவ்ஸ்கி பிராஸ்பெக்ட் 30-ஆம் எண்ணில் இருக்கிறது. டிக்கெட்டில் எந்த அரங்கு என்று பார்த்து வாங்குங்கள். ஆர்கெஸ்ட்ரா கேட்க வேண்டுமென்றால் பெரிய அரங்குதான்.

நிகழ்ச்சியில் என்னென்ன வாசிப்பார்கள்?

பெரும்பாலும் ஒரே அமைப்புதான். தொடக்கத்தில் சின்னதாக ஓவர்ச்சர் என்ற முகப்பு இசை, பிறகு பியானோவோ வயலினோ தனிக்கலைஞராக முன்னிற்கும் கான்செர்ட்டோ, இடைவேளை, கடைசியில் முழு சிம்பொனி. எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாக.

முதல் முறை போகிறவர் கிளிங்காவின் 'ருஸ்லானும் லுத்மிலாவும்' ஓவர்ச்சர், ராக்மனினோஃபின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ, சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி என்று ஒரு மாலை கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். முதலாவது ஐந்து நிமிடம், ஒரே ஓட்டம். வயலின்காரர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. இரண்டாவதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1897-ல் இதே நகரில் ராக்மனினோஃபின் முதல் சிம்பொனி படுதோல்வி அடைந்தது. நடத்தியவர் கிளாசுனோஃப். விமர்சகர் சேசர் குயி அந்த இசையை எகிப்தின் ஏழு வாதைகளோடு சேர்த்துப் பேசினார். 24-ஐத் தொடவிருந்த இளைஞர் அதன் பிறகு சில ஆண்டுகள் பெரிதாக எதையும் எழுதவில்லை. நிக்கோலாய் தால் என்ற மருத்துவரின் சிகிச்சையால் மீண்டு வந்து எழுதியதுதான் இந்தக் கான்செர்ட்டோ. 1901-ல் மாஸ்கோவில் முழுமையாக அரங்கேறியது. அதைத் தாலுக்கே சமர்ப்பித்தார். பியானோ தனியாக எட்டுத் தடவை மணியடிப்பதுபோல் ஸ்வரக்கொத்துகளை அடுக்கிக்கொண்டே போக, அப்புறம் ஆர்கெஸ்ட்ரா உள்ளே வரும். அந்தத் தொடக்கத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

முசோர்க்ஸ்கி, ரிம்ஸ்கி-கோர்சகோஃப், பொரோதின் பெயர்களையும் அடிக்கடி பார்ப்பீர்கள். பலகிரேவ், குயி இருவரையும் சேர்த்தால் 'ஐவர் குழு'. பொரோதின் வேதியியல் பேராசிரியர். ரிம்ஸ்கி-கோர்சகோஃப் கடற்படை அதிகாரியாக இருந்தவர். ரஷ்ய நாட்டுப்பாட்டும் தேவாலய மணியும் ஆர்கெஸ்ட்ராவுக்குள் இவ்வளவு அழுத்தமாக வந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மேற்கத்திய இசை தெரியாது. புரியுமா?

புரியும். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. வாசிக்கப்போகும் சிம்பொனியை முன்கூட்டியே இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டுப் போங்கள், அது போதும். ஆறாவது சிம்பொனிக்கு, நடத்துநர் மிராவின்ஸ்கி இந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவோடு 1960-ல் செய்த ஒலிப்பதிவைச் சொல்வேன். வேகமும் கட்டுப்பாடும் மிகுந்த வாசிப்பு அது. சைகோவ்ஸ்கி என்றாலே கண்ணீர் ததும்பும் இசை என்ற எண்ணம் அதைக் கேட்டால் போய்விடும்.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. அந்தச் சிம்பொனியின் இரண்டாம் பகுதி ஐந்து எண்ணிக்கையில், 2+3 என்று போகிறது. நம் கண்ட சாபு. நடனத்துக்கு மூன்று எண்ணிக்கை வால்ட்ஸை எதிர்பார்த்து வந்த 1893-ஆம் ஆண்டு ரசிகர்களுக்கு அது விநோதமாக இருந்திருக்கும். நமக்குத் தொடையில் தாளம் போடத் தோன்றும். மெதுவாக, சத்தமில்லாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது கைதட்ட வேண்டும்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. சபாக் கச்சேரியில் நல்ல பிடி ஒன்று விழுந்தால் அந்த நொடியிலேயே "ஆஹா" சொல்லலாம். இங்கே அப்படியில்லை. ஒரு சிம்பொனியில் வழக்கமாக நான்கு பகுதிகள் இருக்கும். பகுதிகளுக்கு நடுவே சின்ன மௌனம் வரும், சிலர் இருமுவார்கள், அவ்வளவுதான். கைதட்டல் எல்லாம் முடிந்த பிறகே.

ஆறாவது சிம்பொனி இந்த விதிக்கு வைக்கும் சோதனை பெரியது. மூன்றாம் பகுதி ஒரு அணிவகுப்பு நடை. டிரம்பெட், டிராம்போன், டிம்பனி எல்லாம் சேர்ந்து உச்சிக்குப் போய் 'முடிந்தது' என்பதுபோல அடித்து நிறுத்தும். உலகம் முழுவதும் அந்த இடத்தில் கைதட்டுகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள்கூட அடக்க முடியாமல் தட்டிவிடுவதுண்டு. ஆனால் இன்னும் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது, அதுவும் மிக மெதுவான, துக்கமான பகுதி. வெற்றி முழக்கம் அடங்கும் முன்பே அந்த அழுகை தொடங்க வேண்டும். நடுவே கைதட்டல் விழுந்தால் அந்த அடி நம்மேல் விழாது.

கடைசியில் செல்லோக்களும் டபுள் பேஸ்களும் மட்டும் மிஞ்சி, கேட்கிறதா இல்லையா என்ற அளவுக்குத் தேய்ந்துபோகும். சைகோவ்ஸ்கி அங்கே எழுதிய குறி, மென்மைக்கான அடையாளம் நான்கு மடங்கு. அதன் பிறகு வரும் நிசப்தத்தையும் இசையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் கை முழுதாகக் கீழே இறங்கும்வரை காத்திருங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து இருக்கையைப் பார்க்க வேண்டாம், அந்தக் கையை மட்டும் பாருங்கள்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு தாராளமாகத் தட்டலாம். கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய கைதட்டலும் ஒரே தாளத்தில் இணைந்துவிடுவது ரஷ்ய அரங்குகளின் வழக்கம். நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும்?

தரைத்தளத்தின் நடு வரிசைகள் நல்லவை, விலையும் அதிகம். ஆனால் நடனத்துக்குக் கட்டிய கூடம் என்பதால் தளம் சமமாக இருக்கும். பின்வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவரின் தலைதான் தெரியும். மேலே தூண்களுக்குப் பின்னால் 'ஹோரி' என்ற மாடம் ஓடுகிறது. டிக்கெட் மலிவு. அங்கிருந்து மேடை முழுதாகத் தெரியாமல் போகலாம், ஆனால் ஒலி நன்றாகக் கலந்து வரும். மாணவர்களும், பல ஆண்டுகளாக வருகிற உள்ளூர் ரசிகர்களும் அங்கேதான் நிற்பார்கள். காதுக்காகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது மாடம்தான்.

எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். பல நாட்டு ஆர்கெஸ்ட்ராக்களில் முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் இடப்பக்கமாகச் சேர்ந்து உட்காருவார்கள். இங்குள்ள முதன்மை ஆர்கெஸ்ட்ராவில் அவர்கள் எதிரெதிரே இருப்பார்கள்: முதல் வயலின்கள் இடப்பக்கம், இரண்டாம் வயலின்கள் வலப்பக்கம். சைகோவ்ஸ்கி காலத்தில் பரவலாக இருந்த அமைப்பு இது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆறாவது சிம்பொனியின் கடைசிப் பகுதி தொடங்கும்போது ஒரு அதிசயம் நடக்கிறது. இறங்கி வரும் அந்தத் துயரமான மெட்டை யாருமே வாசிக்கவில்லை. அதன் ஒரு ஸ்வரம் முதல் வயலினிடம், அடுத்தது இரண்டாம் வயலினிடம், அடுத்தது மறுபடி முதல் வயலினிடம் என்று சைகோவ்ஸ்கி பிரித்து எழுதிவிட்டார். ஒரு தரப்பை மட்டும் தனியாக வாசிக்கச் சொன்னால் மெட்டே கிடைக்காது, ஏதோ தத்தித் தாவும் சத்தம்தான் வரும். இரண்டும் சேரும்போது நடுவே காற்றில்தான் அந்தப் பாட்டு உருவாகிறது. வயலின்கள் எதிரெதிரே இருந்தால் மெட்டு மேடைக்கு நடுவே ஆடி அலைவது காதுக்குத் தெரியும். பிற்பாடு அதே மெட்டு திரும்ப வரும்போது முதல் வயலின்கள் மட்டுமே முழுதாக வாசிப்பார்கள். முதலில் கேட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பாருங்கள். ஹெட்போனில் இதை நான் தெளிவாகக் கேட்டதே இல்லை.

ஆறாவது சிம்பொனி இங்கேதான் அரங்கேறியதா?

ஆமாம், இதே கூடத்தில். 1893 அக்டோபர் 28, அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி அக்டோபர் 16. நடத்தியவர் சைகோவ்ஸ்கியே. வரவேற்பு மரியாதையாக இருந்தது, ஆனால் ரசிகர்கள் குழம்பிப்போனார்கள். சிம்பொனி என்றால் ஆரவாரமாக முடிய வேண்டும், இது ஏன் அணைந்துபோகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 6-ஆம் தேதி அவர் இறந்தார். வயது 53. காலரா என்பது அதிகாரபூர்வமான காரணம். நவம்பர் 18-ல் நடத்துநர் நாப்ராவ்னிக் அதே சிம்பொனியை மறுபடி நடத்தியபோது கேட்டவர்களுக்கு எல்லாம் வேறாக ஒலித்தது. தன் மரணத்துக்குத் தானே எழுதிக்கொண்ட இரங்கல் என்ற பேச்சு அப்போதிலிருந்து ஓய்ந்தபாடில்லை. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தச் சிம்பொனியை எழுதிய மாதங்களில் அவர் உற்சாகமாக வேலை செய்தார், இதைத் தன் சிறந்த படைப்பாகவே நினைத்தார். துயரத்தை இவ்வளவு துல்லியமாகக் கட்டமைக்கத் தெளிந்த மனம் வேண்டும்.

போர்க்காலத்தில் பட்டினியோடு வாசித்ததாகச் சொல்கிறார்களே, அது நிஜமா?

நிஜம். 1941 செப்டம்பர் 8-ல் ஜெர்மானியப் படை லெனின்கிராதை (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) சுற்றி வளைத்தது. முற்றுகை 872 நாள் நீடித்தது. அந்த முதல் குளிர்காலத்தில் வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான். அதிலும் கலப்படம்.

நகரின் முதன்மை ஆர்கெஸ்ட்ராவை முன்பே நோவோசிபிர்ஸ்குக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது வானொலி நிலையத்தின் ஆர்கெஸ்ட்ரா, நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க். ஷோஸ்டகோவிச் முற்றுகைக்குச் சற்று முன் இந்த ஊரில் எழுதத் தொடங்கி, குய்பிஷெவ் நகரில் முடித்த ஏழாவது சிம்பொனியை லெனின்கிராதிலேயே வாசிக்க வேண்டும் என்று முடிவானது. 1942 மார்ச்சில் முதல் ஒத்திகைக்கு வர முடிந்தவர்கள் சுமார் 15 பேர். கால் மணி நேரத்துக்கு மேல் வாசிக்கத் தெம்பில்லை. சிம்பொனிக்கோ எட்டு ஹார்ன், ஆறு டிரம்பெட், ஆறு டிராம்போன் தேவை. பட்டினியால் ஒடுங்கிய நெஞ்சிலிருந்து காற்றை ஊதி எழுப்ப வேண்டிய வாத்தியங்கள் இவை. போர்முனையிலிருந்த ராணுவ பேண்ட் கலைஞர்களை வரவழைத்தார்கள். வாசிப்பவர்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். தாளவாத்தியக்காரர் ஜாவுதத் ஐதாரோஃப் இறந்துவிட்டதாக நினைத்துப் பிணவறையில் வைத்திருந்ததாகவும், அவர் விரல் அசைவதை எலியாஸ்பெர்க் பார்த்ததாகவும் சொல்வார்கள்.

1942 ஆகஸ்ட் 9 மாலை, இந்த அரங்கில் சரவிளக்குகள் எரிய, ஏறத்தாழ 80 நிமிடச் சிம்பொனியை முழுதாக வாசித்தார்கள். அந்த நேரத்தில் குண்டு விழாமலிருக்க, சோவியத் தளபதி கவோரோஃபின் பீரங்கிகள் முன்கூட்டியே ஜெர்மானிய நிலைகளைத் தாக்கி அடக்கிவைத்தன. தெருவிலிருந்த ஒலிபெருக்கிகள் வழியாக நகரம் முழுவதும் கேட்டது. 1964 ஜனவரி 27-ல், முற்றுகை முறிந்த இருபதாம் ஆண்டில், உயிரோடிருந்த கலைஞர்கள் எலியாஸ்பெர்க்கின் தலைமையில் இதே மேடையில் மறுபடி வாசித்தார்கள்.

இன்றும் ஜனவரி 27-ஐ ஒட்டி ஏழாவது சிம்பொனியை இங்கே கேட்க நல்ல வாய்ப்பு உண்டு. முதல் பகுதியில் சின்ன முரசு ஒன்று தொடங்கும், அதன் மேல் அற்பமான ஒரு மெட்டு திரும்பத் திரும்ப வந்து பூதாகரமாக வளரும். முரசு வாசிப்பவரின் கையைப் பாருங்கள்.

எந்த ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது என்பது முக்கியமா?

முக்கியம். பில்ஹார்மோனியாவுக்கு இரண்டு உண்டு. பழையது 1882-ல் அரண்மனைக் குழுவாகத் தொடங்கியது. மிராவின்ஸ்கி 1938 முதல் 1988-ல் இறக்கும்வரை 50 ஆண்டு அதன் தலைவர், அவருக்குப் பிறகு 2022 வரை தெமிர்கானோஃப். மற்றது எலியாஸ்பெர்க் நடத்திய அதே வானொலிக் குழுவின் வாரிசு. பழையதைத்தான் உயர்ந்தது என்பார்கள். ஷோஸ்டகோவிச்சின் ஏழாவது என்றால் நான் இரண்டாவதைத் தேடிப் போவேன்.

ஷோஸ்டகோவிச்சின் ஐந்தாவதற்கும் இந்த அரங்குக்கும் என்ன தொடர்பு?

1936 ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் 'பிராவ்தா' நாளிதழ் அவருடைய ஓபராவைக் குதறி எழுதியது. ஸ்டாலின் காலத்தில் அது உயிருக்கே ஆபத்தான விமர்சனம். அந்த ஆண்டே தன் நான்காவது சிம்பொனியை ஒத்திகையோடு திரும்பப் பெற்றார். 25 ஆண்டு அது வெளிவரவில்லை. 1937 நவம்பர் 21-ல் ஐந்தாவது இங்கே அரங்கேறியது, நடத்தியவர் அப்போது 34 வயதான மிராவின்ஸ்கி. மூன்றாம் பகுதியில் பலர் அழுதார்கள். கைதட்டல் அரை மணி நேரம் நீடித்ததாகச் சொல்வார்கள். கைதுகளும் மரண தண்டனைகளும் உச்சத்தில் இருந்த ஆண்டு. ஒன்றாக உட்கார்ந்து அழ அந்த மனிதர்களுக்கு வேறு இடம் இருந்திருக்காது.

டிக்கெட் எப்படி வாங்குவது?

பில்ஹார்மோனியாவின் இணையதளத்தில் நிகழ்ச்சி நிரல் பார்க்கலாம். ஆனால் 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டில் வாங்கிய விசா, மாஸ்டர்கார்டு ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. ஊரில் போய் இறங்கியபின் அரங்கின் டிக்கெட் கவுன்டரிலேயே ரூபிள் கொடுத்து வாங்குவதுதான் சிக்கலில்லாத வழி. அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் ரஷ்ய வங்கி அட்டை இருந்தால் முன்பே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

என்ன உடை? பூ கொண்டுபோகலாமா?

கோட்-சூட் கட்டாயமில்லை. சுத்தமாக, சற்று எடுப்பாக இருந்தால் போதும். புடவை கட்டிப் போகலாம், தாராளமாக. கனமான குளிர்கோட்டை மட்டும் கீழே உள்ள கார்திரோப் அறையில் கொடுத்துவிட்டு எண் வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். கோட்டோடு உள்ளே போவது அங்கே மரியாதைக் குறைவு. மூன்றாவது அழைப்பு மணி அடித்ததும் தொடங்கிவிடுவார்கள். தாமதமாக வந்தால் ஒரு படைப்பு முடியும்வரை வெளியே நிற்க வேண்டியதுதான்.

தனிக்கலைஞருக்குப் பூங்கொத்து கொடுப்பது அங்கே இயல்பான வழக்கம். ஒற்றைப்படை எண்ணில் வாங்குங்கள். இரட்டைப்படை துக்க வீட்டுக்குரியது.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

டிக்கெட்டில் '6+' போன்ற வயதுக் குறி இருக்கும், பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 80 நிமிட ஷோஸ்டகோவிச் வேண்டாம். ரிம்ஸ்கி-கோர்சகோஃபின் 'ஷெஹரஸாதே' பிடிக்கும்.

உக்ரைன் போர் நடக்கும்போது இதற்குப் போவது சரியா?

நியாயமான கேள்வி. 2022-ல் கார்டிஃப் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா சைகோவ்ஸ்கியின் '1812 ஓவர்ச்சர்' படைப்பை நிகழ்ச்சியிலிருந்து எடுத்தது, பெரிய விவாதமானது. பில்ஹார்மோனியா அரசு நிறுவனம், நீங்கள் கொடுக்கும் டிக்கெட் பணம் அங்கேதான் போகிறது. அதை ஏற்க முடியாதவர்கள் போகாமலிருப்பதை நான் மதிக்கிறேன்.

ஆனால் இந்த இசையை 'ரஷ்யாவின் சொத்து' என்று இரண்டு தரப்பும் சொல்லும்போது மனம் ஒப்பவில்லை. சைகோவ்ஸ்கி தன் தங்கையின் குடும்பம் வாழ்ந்த உக்ரைனின் கமியான்காவில் பல கோடைகளைக் கழித்தவர். அவருடைய இரண்டாவது சிம்பொனியில் உக்ரைன் நாட்டுப்பாடல்கள் நிறைந்திருக்கின்றன. முதல் பியானோ கான்செர்ட்டோவில் வரும் ஒரு மெட்டு, கமியான்காவில் பார்வையற்ற பாடகர்களிடம் அவர் கேட்டது. புரோகோஃபியெவ் பிறந்தது தொனெத்ஸ்க் பகுதியில். இன்னொரு நாட்டின் நகரங்கள் மேல் குண்டு விழும்போது, முற்றுகையில் பசித்தவர்கள் வாசித்த இசையைப் பெருமைக்கான கொடியாகப் பிடிப்பது அந்தக் கலைஞர்களுக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன். போகிறவர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டு போகட்டும்.

இரவு திரும்பி வருவது கஷ்டமா?

இல்லை. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இரவு 7 அல்லது 8 மணிக்குத் தொடங்கும். பத்து, பத்தரைக்குள் வெளியே வந்துவிடலாம். மெட்ரோ நள்ளிரவு வரை ஓடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை கப்பல்கள் போவதற்காக நேவா ஆற்றுப் பாலங்களை நடு இரவுக்குப் பிறகு தூக்கிவிடுவார்கள். அறை அக்கரையில் இருந்தால், நெவ்ஸ்கியில் டீ குடித்துக்கொண்டு நேரத்தை மறந்துவிடாமல் அதற்கு முன்பே ஆற்றைத் தாண்டிவிடுங்கள்.